அடுத்த ஊருக்குப் போனால் சரியாகிவிடுமா?

கேள்வி: வயது 31. லேப்டாப்போடு நாடு நாடாகப் போய் வேலை செய்கிறேன். காலையில் கண் விழித்தால் எந்த ஊரில் இருக்கிறேன் என்று சில நொடிகள் தெரிவதில்லை. பெயர்கள் மறக்கின்றன, நெஞ்சு படபடக்கிறது. தூக்கத்துக்காக நண்பர் தந்த அல்பிரசோலம் மாத்திரையை ஒரு மாதமாகத் தினமும் போடுகிறேன். எதிலும் ஆர்வம் இல்லை. நான் இல்லாமல் போனால்கூட ஒரு வாரத்துக்கு யாருக்கும் தெரியாது. இது மறதி நோயின் தொடக்கம் என்று இணையத்தில் படித்தேன். அடுத்த ஊருக்குப் போனால் சரியாகிவிடுமா?

பதில்: 31 வயதில் மறதி நோய் மிக மிக அரிது. அந்தப் பக்கங்களை மூடிவிடுங்கள். புது அறையில் கண் விழிக்கும்போது சில நொடி திகைப்பது யாருக்கும் வரும். படபடப்புக்கு ஒரு ஈசிஜி, தைராய்டு பரிசோதனை போதும். நேர வித்தியாசத்தால் ராத்திரியில் வேலை செய்பவராக இருந்தால் காபியையும் குறையுங்கள். குடித்து ஐந்து மணி நேரம் கழித்தும் அதிலுள்ள காஃபீனில் ஏறக்குறைய பாதி உடம்பில் இருக்கும்.

என்னைக் கவலைப்பட வைத்தது, நடுவில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, 'நான் இல்லாமல் போனால்கூட' என்று, அந்த வரிதான். அதோடு எதிலும் ஆர்வம் இல்லை என்கிறீர்கள். இந்த ஆர்வமின்மை இரண்டு வாரத்துக்கு மேல் அநேகமாகத் தினமும் இருந்தால், மனச்சோர்வு நோயா என்று பார்த்தே ஆக வேண்டும். வெறும் பயணக் களைப்பு என்று விட முடியாது. இன்றே நம்பிக்கையான ஒருவரை அழைத்து, அந்த வரியை அப்படியே சொல்லுங்கள். இந்த வாரத்துக்குள் மனநல மருத்துவரைப் பாருங்கள். செத்துப்போகலாம் என்ற எண்ணம் வந்தால், அல்லது அதற்கு வழி யோசிக்கத் தொடங்கினால், வாரக் கணக்கெல்லாம் வேண்டாம். தனியாக இருக்காமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

அடுத்த ஊர்? இப்போது வேண்டாம். புது இடம் சில நாள் தெம்பு தரும், அப்புறம் பழைய நிலைதான். மருத்துவர் மனச்சோர்வுக்கு மாத்திரை தந்தால், அது பலன் தரவே சில வாரங்கள் ஆகும். அளவைச் சரிபார்க்க அதே மருத்துவர் உங்களை மறுபடி பார்க்க வேண்டும். நேர மண்டலம் மாறினால் உடல் கடிகாரம் பழக ஒரு மணி நேர வித்தியாசத்துக்கு ஏறக்குறைய ஒரு நாள் பிடிக்கும். ஏற்கெனவே கெட்டிருக்கும் தூக்கத்தை இன்னும் ஏன் கெடுக்கிறீர்கள்? இரண்டு, மூன்று மாதமாவது ஒரே ஊரில் இருங்கள். தினமும் ஒரு மனிதரையாவது நேரில் பார்த்துப் பேசுங்கள். வீடியோ அழைப்பில் நடக்கும் அலுவலக மீட்டிங் கணக்கில் வராது.

கடைசியாக அந்த மாத்திரை. நண்பர் தருவதை விழுங்குவதா சிகிச்சை? மறதிக்குக் காரணம் தேடி இணையத்தில் அலைந்தீர்களே, அல்பிரசோலமே மறதியை உண்டாக்கும், மனச்சோர்வையும் கூட்டும். அதற்காக இன்று ராத்திரியே தூக்கி எறிந்துவிடாதீர்கள். ஒரு மாதம் தினமும் போட்டதைச் சட்டென நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். மருத்துவர் சொல்லும் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். அதுவரை மதுவைத் தொடாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் மூச்சே அடங்கிவிடலாம். மருத்துவரிடம் போகும்போது அந்த மாத்திரை அட்டையையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.