திறப்பு விழாவுக்குப் பிறகும் ஆள் வர

கண்காட்சித் திறப்பு விழாவுக்கு நிற்க இடமில்லை, அதற்கப்புறம் நடத்திய ஓவியர் உரைக்கு நான்கே பேர், அதிலும் இருவர் கலைஞர்கள் சேர்ந்து நடத்தும் உங்கள் கேலரியின் உறுப்பினர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். உரையில் குறை இருக்காது, தேதியைப் பாருங்கள். ஒரு மாதம் சனி, மறுமாதம் புதன் என்றால் யார் மனதிலும் நிற்காது. 1972-இல் 20 பெண் கலைஞர்கள் நியூயார்க்கில் தொடங்கிய ஏ.ஐ.ஆர். கேலரி, பேச்சுக்கும் விவாதத்துக்கும் திங்கள் இரவை ஒதுக்கியது. கிழமையே நிகழ்ச்சியின் பெயராகிவிட்டது.

அப்புறம், ‘உரை’ என்றாலே ஒதுங்குகிறவர்கள் உண்டு. கைக்கு வேலை கொடுங்கள். என் ஓட்டு லினோ அச்சுக்கு, அதாவது லினோலியம் பலகையில் படத்தைச் செதுக்கி அச்செடுப்பதற்கு. மை தடவிய பலகையில் தாளை வைத்து, கரண்டியின் முதுகால் தேய்த்து, ஓரத்திலிருந்து மெல்ல உரிக்கும்போது படம் இடவலம் மாறி எழும்பும். பெயரைச் செதுக்கியவர் அது கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பி வந்திருப்பதைப் பார்த்து அலறுவார், பக்கத்து மேசை சிரிக்கும். அறிமுகம் அங்கேயே முடிந்துவிடும். எண்ணெய் மை காய நாளாகும், அடுத்த வாரம் வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். கொஞ்சம் தந்திரம்தான், ஆனால் பொய்யில்லை.

நான்கு பேர்தான் வருவார்கள் என்றால் சரி, பெண் கலைஞர்களைப் பற்றி விக்கிப்பீடியாவில் எழுத உட்காருங்கள். 2014-இல் தொடங்கிய ஆர்ட்+ஃபெமினிசம் இயக்கம் செய்வது அதைத்தான். உங்கள் உறுப்பினர்களைப் பற்றி மட்டும் நீங்களே எழுதாதீர்கள், விளம்பரம் என்று நீக்கிவிடுவார்கள்.