ஜெர்மனியின் கிராமத் தீயணைப்பு வீரர்களுக்குச் சம்பளம் இல்லையாமே, பிறகு எப்படி நடக்கிறது?

உண்மைதான். அங்கே சம்பளத்துக்கு வேலை பார்க்கும் தீயணைப்புப் படை ஏறக்குறைய 100 நகரங்களில் மட்டுமே உண்டு. மற்ற ஊர்களைக் காப்பவர்கள் சுமார் 10 லட்சம் தன்னார்வலர்கள்: தச்சர், ஆசிரியை, விவசாயி, வங்கி ஊழியர்.

இடுப்பில் செருகிய பேஜர் அலறியதும் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடுகிறார்கள். நிலையத்தில் பூட்சுகள் கால்சட்டைக்குள் நுழைத்தபடியே தயாராக நிற்கும்; காலை விட்டு மேலே இழுத்தால் போதும், வண்டி ஏறிவிடலாம். பகலில் வேலையை விட்டு ஓடினால் கூலி போய்விடுமே என்று கேட்கலாம். முதலாளி தடுக்கக் கூடாது என்பது சட்டம். அந்த நேரத்துக்கான சம்பளத்தைத் தனியார் முதலாளிக்கு உள்ளாட்சியே திருப்பித் தருகிறது. இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் வெறும் ஆர்வத்தால் இத்தனை காலம் ஓடியிருக்காது என்பது என் கருத்து.

தீயைவிட, சாலை விபத்து, விழுந்த மரம், வெள்ளம் என்றுதான் அழைப்புகள் அதிகம். 2021 ஜூலை வெள்ளத்தில் பிறரைக் காக்கப் போய் உயிர்விட்ட தீயணைப்பு வீரர்களும் உண்டு.

பல ஊர்களில் ஈஸ்டர் பண்டிகைக்கு மூட்டும் பெருநெருப்பைக் காவல் காப்பதும், மே மாதக் கொண்டாட்டத்துக்கான அலங்காரக் கம்பம் நடுவதும் இவர்களே. சிறுவர்களுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. குழாயைச் சுருட்டப் பழகும் பத்து வயதுப் பிள்ளைதான் நாளை பேஜர் வாங்குகிறது.