‘கிடைக்காது’ என்றால் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்

மாற்றுத்திறனாளி உதவித்தொகை மறுப்பு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

எனக்குக் காலில் 45 சதவீதப் பாதிப்பு, காதில் 36 சதவீதப் பாதிப்பு என்று தனித்தனியாகப் போட்டார்கள். மொத்தம் 81 வர வேண்டும். சான்றிதழில் 63 என்று இருக்கிறது. 80 இருந்தால் கிடைக்கும் மத்திய அரசு ஓய்வூதியம் இதனால் போய்விட்டது. மேல்முறையீடு செய்யலாமா? (தேனி)

கணக்கு சரிதான். இரண்டு பாதிப்பு இருந்தால் சதவீதங்களை அப்படியே கூட்டுவதில்லை. 90-லிருந்து பெரிய எண்ணைக் கழிப்பார்கள். மீதியைச் சின்ன எண்ணால் பெருக்கி, 90-ஆல் வகுத்து, பெரிய எண்ணோடு சேர்ப்பார்கள். உங்களுக்கு 90-ல் 45 போனால் 45. அதை 36-ஆல் பெருக்கி 90-ஆல் வகுத்தால் 18. ஆக 63. இதை எதிர்த்துப் பயனில்லை. காதுக்கான 36 குறைவு என்று காட்ட ஆடியோகிராம் (கேட்கும் திறனை அளந்த அறிக்கை) கையில் இருந்தால், அதை எதிர்க்கலாம். அதுவரை சும்மா இருக்க வேண்டாம். வருவாய்த் துறையின் மாநில ஓய்வூதியத்துக்கு 40 சதவீதம் போதும், மனுப் போடுங்கள்.

விபத்தில் ஒரு கண் போய்விட்டது. 30 சதவீதம்தான் கொடுத்தார்கள். (ராணிப்பேட்டை)

மறு கண் நன்றாக இருந்தால் விதிப்படி 30-தான். உதவித்தொகைக்கான வரம்பு 40. மறு கண்ணிலும் பார்வை குறைந்தால் மறுமதிப்பீடு கேளுங்கள்.

என் விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டார்கள். என்ன செய்வது? உடனே பதில் தேவை. (ஊர் பெயர் இல்லை)

எந்தத் திட்டம், எந்த அலுவலகம், எத்தனை சதவீதம், என்ன காரணம், எந்தத் தேதி? ஒன்றுமே எழுதவில்லை. டாக்டரிடம் போய் ‘உடம்பு சரியில்லை’ என்று மட்டும் சொன்னால் அவர் என்ன மருந்து தருவார்? மறுப்புக் கடிதத்தின் நகலோடு மறுபடி எழுதுங்கள்.

அப்பாவுக்கு இரண்டு கால்களும் செயல்படாது. 70 சதவீதச் சான்றிதழ் இருக்கிறது. ஓய்வூதியம் கேட்டு தாலுகா அலுவலகத்துக்கு மூன்று முறை ஆட்டோ பிடித்து அழைத்துப் போனேன். “ஆண் வாரிசு இருக்கு, கிடைக்காது” என்று அனுப்பிவிட்டார்கள். அண்ணன் திருப்பூரில் இருக்கிறான், பத்து பைசா அனுப்புவதில்லை. யாரிடம் மேல்முறையீடு செய்வது? (விழுப்புரம்)

அம்மா, உங்களிடம் மேல்முறையீடு செய்ய எதுவுமே இல்லை. மூன்று முறை போயிருக்கிறீர்கள், ஆனால் ஒருமுறைகூட மனுக் கொடுத்ததாகத் தெரியவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் வாயால் சொன்னது உத்தரவு ஆகாது. அதை எதிர்த்து எங்கே போனாலும் “எந்த உத்தரவு?” என்றுதான் கேட்பார்கள்.

இதை நான் வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எனக்கு இதில் இத்தனை ஆற்றாமை இருக்கக் காரணம் உண்டு. என் தங்கைக்குச் சிறு வயதில் போலியோ. அவள் மனுவை ஒரு தாலுகா அலுவலகத்தில் நானே கொடுத்தேன். வாங்கியவர் அதை மடித்து ஒரு சிவப்புக் கட்டுக்குள் செருகி, “போங்க சார், வரும்” என்றார். நம்பி வந்துவிட்டேன். எட்டு மாதம் ஆயிற்று. கடைசியில் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டபோது ‘அப்படி ஒரு மனு பெறப்படவில்லை’ என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. அந்த எட்டு மாதப் பணம் போனது போனதுதான். என்னிடம் ஒப்புகைச் சீட்டு இல்லை. அன்றைக்கு எனக்கு அந்தப் புத்தி இல்லை.

நீங்கள் செய்ய வேண்டியது: இ-சேவை மையத்தில் விண்ணப்பத்தைப் பதியுங்கள், விண்ணப்ப எண் வரும். அல்லது தபால் பிரிவில் மனுவைக் கொடுத்து, உங்கள் நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால் சண்டை வேண்டாம், ஒப்புகையோடு தபாலில் அனுப்புங்கள். அண்ணன் தனிக்குடும்பம், தனி ரேஷன் கார்டு, அப்பாவைப் பராமரிக்கவில்லை என்பதை மனுவிலேயே எழுதுங்கள். விசாரணைக்கு விஏஓ வரும்போதும் அதையே சொல்லுங்கள்.

எழுத்தில் மறுப்பு வந்தால் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யுங்கள். பதிலே வராவிட்டால் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் விஏஓ அறிக்கை, ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்) அறிக்கை இரண்டின் நகலையும் கேளுங்கள். 30 நாளில் தர வேண்டும். அந்த அறிக்கையில் ‘மகன் ஆதரவில் உள்ளார்’ என்று ஒரு வரி இருக்கும். யாரையும் விசாரிக்காமல் எழுதப்பட்ட வரியாகவும் இருக்கலாம். நீங்கள் உடைக்க வேண்டியது அந்த வரியைத்தான். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்கும் போகலாம், ஆனால் அங்கேயும் மனு எண் வாங்காமல் திரும்பாதீர்கள்.

கடும் பாதிப்புக்கான பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய், வருவாய்த் துறை ஓய்வூதியம் 1,500. இரண்டும் கேட்டேன், ஒன்றை மறுத்துவிட்டார்கள். (கரூர்)

இரண்டும் சேர்த்துக் கிடைக்காது. தகுதி இருந்தால் 2,000-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்.

பழைய சான்றிதழில் 60 சதவீதம். தனித்துவ அடையாள அட்டைக்காகப் போனபோது 35 ஆக்கிவிட்டார்கள். கால் அப்படியேதான் இருக்கிறது. (தூத்துக்குடி)

உங்களுக்கு மேல்முறையீடு நிச்சயம் உண்டு. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், பிரிவு 59. முதலில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மறுமதிப்பீடு வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். மேல்முறையீட்டுக்குக் காலக்கெடு உண்டு, நாளைக் கடத்தாதீர்கள். பழைய சான்றிதழ், எக்ஸ்ரே, ஆபரேஷன் குறிப்பு எல்லாவற்றின் நகலையும் இணையுங்கள். மூட்டு எவ்வளவு மடங்குகிறது, தசைக்கு எவ்வளவு பலம் என்று அளந்துதான் சதவீதம் போட வேண்டும். அளந்தார்களா, பார்த்த மாத்திரத்தில் போட்டார்களா என்பதை எழுதுங்கள்.

இன்னொன்று. சதவீதம் போடும் மருத்துவ முகாமில் நம் ஆட்கள் செய்யும் தவறை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். காலிப்பரை (காலைத் தாங்கும் இரும்புச் சட்டத்தை) கழற்றி வைத்துவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு நாலு அடி நடந்து காட்டுவார்கள். டாக்டர் கேட்டால் “சமாளிச்சுக்குவேன் சார்” என்பார்கள். மானத்தோடு வாழ்பவர்களுக்கு வாயில் வருவது அதுதான். ஆனால் பேப்பரில் ஏறுவதும் அதுதான். கூட்ட வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். தினமும் எப்படி நடக்கிறீர்களோ அப்படியே நடந்து காட்டுங்கள்.

மகனுக்கு அறிவுசார் குறைபாடு. வந்துகொண்டிருந்த பணம் நின்றுவிட்டது. (சேலம்)

சான்றிதழில் செல்லுபடித் தேதியைப் பாருங்கள். குழந்தைகளுக்குத் தருவது பெரும்பாலும் தற்காலிகச் சான்றிதழ். காலாவதி என்றால் புதுப்பியுங்கள். தேதி முடியாமலே நிறுத்தியிருந்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

கோர்ட்டுக்குப் போகலாம் என்று ஒருவர் 20,000 ரூபாய் கேட்கிறார். (மதுரை)

கொடுக்காதீர்கள். மாற்றுத்திறனாளிக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட கோர்ட் வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, போன் 15100. ஐகோர்ட்டுக்குப் போவதற்கு முன், சென்னையில் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு எழுதுங்கள், வக்கீல் தேவையில்லை. ஆளை வரவழைக்கவும் கோப்பைக் கேட்கவும் சிவில் கோர்ட்டுக்கு உள்ள அதிகாரம் அவருக்கு உண்டு. அவர் பரிந்துரையை ஓர் அலுவலகம் ஏற்கவில்லை என்றால், 3 மாதத்துக்குள் காரணம் சொல்ல வேண்டும். மனுவோடு மறுப்புக் கடிதமும் ஒப்புகைச் சீட்டும் இருக்கட்டும். அசலை அனுப்பாதீர்கள், நகல் போதும்.