சிஸ்டரிடம் கேளுங்கள்: வேலை மாறும்போது எதை எடுத்துப் போகலாம்?

கேள்வி: சிஸ்டர், புற்றுநோய் முற்றியவர்களை வீட்டுக்கே போய்ப் பார்க்கும் நர்ஸ் நான். ஐந்து வருஷமாக ஒரே தொண்டு அமைப்பு. அடுத்த மாசம் ஒரு ஆஸ்பத்திரியின் வீட்டுப் பராமரிப்புப் பிரிவில் சேருகிறேன், சம்பளம் கூட. ‘உங்க பேஷன்ட் நம்பரையெல்லாம் கொண்டு வந்திடுங்க’ என்கிறார்கள். பழைய இடத்திலோ, விலகினால் ஒரு வருஷம் சேலம் மாவட்டத்தில் இதே வேலை பார்க்க மாட்டேன் என்று எழுதி வாங்கியிருக்கிறார்கள். அம்மாப்பேட்டையில் ஒரு தறிக்காரப் பாட்டி, ‘நீ எங்க போறியோ நானும் அங்கயே வந்திடறேன்’ என்று கையை விடமாட்டேன் என்கிறார். என்ன செய்ய?
– பெயர் வேண்டாம், சேலம்

பதில்: முதலில் அந்தத் தாள். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, 27-ஆம் பிரிவு: வேலையை விட்ட பிறகு ஒருவர் தன் தொழிலையே செய்யக்கூடாது என்று கட்டிப்போடும் நிபந்தனை செல்லாது. ஆகவே தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் அதே தாளில் நோட்டீஸ் காலம், ரகசியம் காப்பது என்று இருந்தால் அது வேறு கதை. ஒரு வக்கீலிடம் காட்டிவிட்டு ராஜினாமாக் கடிதம் கொடுங்கள்.

நம்பர் விஷயத்தில் ரெண்டு பேச்சே இல்லை, கொண்டுபோகக் கூடாது. படிக்கும்போது விளக்கைக் கையில் பிடித்து உறுதிமொழி சொன்னோமே, அதில் குடும்பத்து விஷயங்களை வெளியே விடமாட்டேன் என்றும் ஒரு வரி வரும். (நைட்டிங்கேல் பெயரில் இருந்தாலும் அதை அவர் எழுதவில்லை. 1893-ல் அமெரிக்காவில் எழுதியது.) உங்கள் போனில் நம்பர் மட்டுமா இருக்கிறது? புண் ஆறுகிறதா என்று எடுத்த படம் இருக்கும், மருமகளுக்குத் தெரியாமல் பாட்டி அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் இருக்கும். ஃபைலில் சேர வேண்டியதைச் சேர்த்துவிட்டுக் கடைசி நாளன்று அழித்துவிடுங்கள். அங்கிருந்து கொண்டு வரச் சொல்கிறவர்கள் தங்கள் ரெஜிஸ்டரை எப்படிக் காப்பார்கள் என்று, சேருவதற்கு முன்னால் ஒரு தடவை யோசித்தும் பாருங்கள்.

பாட்டி விஷயம்தான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. நீங்களாகக் கூப்பிடாதீர்கள். எங்கே போகிறாய் என்று அவர் கேட்டால் மறைக்கவும் வேண்டாம். ஆனால் இப்போதைய இடம் இலவசம், புது இடத்தில் ஒவ்வொரு தடவைக்கும் காசு என்றால் அதை மகனிடம் முதலிலேயே உடைத்துச் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் ‘வாங்க பாட்டி’ என்றால் அவன் வட்டிக்கு வாங்குவான்.

இதையெல்லாம் உத்தமி மாதிரி சொல்கிறேன். 2009-ல் நான் செய்தது வேறு. ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்து மேஸ்திரி, வயிற்றில் புற்று. வாரம் ரெண்டு தடவை 20 கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போவேன். மகன் பக்கத்தில் இருந்தால் மனுஷர் வலி என்று வாய் திறக்க மாட்டார். திறந்தால் இருக்கிற துண்டு நிலத்தையும் விற்றுக் கோயம்புத்தூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவான் என்று பயம். அதனால் எங்கள் ரெண்டு பேருக்கும் ஒரு பாஷை. ‘காத்து அடிக்குதுங்க சிஸ்டர்’ என்றால் வலி தாங்கவில்லை என்று அர்த்தம்.

அதை நான் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. வேறு இடம் கிடைத்ததும், அவரிடம் சொல்லிக்கொள்ளாமலே ஒரு வெள்ளிக்கிழமை கணக்கு முடித்துப் போய்விட்டேன். சொன்னால் அழுவார் என்று. (சரி, நான் அழுதுவிடுவேன் என்று.) புதிதாகப் போன பெண்ணிடமும் காத்து அடிக்குது என்றிருக்கிறார். அவள் வாயுத் தொல்லை என்று டாக்டரிடம் சொல்லி அதற்கு மாத்திரை வாங்கிக் கொடுத்திருக்கிறாள். அவள் மேல் என்ன தப்பு? மூன்று நாள் அப்படியே கிடந்திருக்கிறார். பிறகொரு நாள் அஸ்தம்பட்டியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது அவர் சம்சாரம் சொன்னார்: ‘உங்களுக்குப் புரிஞ்சது அந்தப் புள்ளைக்குப் புரியலீங்க.’ திட்டியிருந்தால் தேவலை.

அதனால் நோட்டீஸ் கொடுத்த கையோடு, உங்கள் இடத்துக்கு வரப்போகும் நர்ஸைக் கூட்டிக்கொண்டு ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தடவையாவது போங்கள். பாட்டி எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுப்பார், எந்த மகளிடம் பேச்சு இல்லை, வலி என்பதற்கு அவர் வாயில் வரும் வார்த்தை என்ன, எல்லாவற்றையும் ஃபைலில் எழுதுங்கள். அமைப்பு ஆள் அனுப்பவில்லை என்றால் கேட்டுக் கடிதமாகக் கொடுங்கள்.

கடும் வலிக்குக் கொடுக்கிற ‘மார்பின்’ மாத்திரைக் கணக்கையும் முடித்துவிட்டுப் போங்கள். 2014-ல் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்தித்தான் அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களில் அது ஓரளவு சுலபமாகக் கிடைக்கிறது. ஒவ்வொரு மாத்திரையும் ரெஜிஸ்டரில் ஏற வேண்டும். வீடுகளில் மீந்தது கொடுத்த இடத்துக்கே திரும்ப வேண்டும், உங்கள் பையில் ஒன்றுகூட வரக்கூடாது. நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை போடுகிற மருந்து. நீங்கள் போய் அடுத்த ஆள் வருவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்டாக் தீர்ந்தால் பாட்டி துடித்துவிடுவார். கிளம்புவதற்கு முன் எண்ணிப் பாருங்கள்.

கேள்வி: அப்பாவைப் பார்த்துக்கொண்ட நர்ஸ் வேலை மாறிவிட்டார். புதியவரும் நன்றாகத்தான் செய்கிறார். ஆனால் அப்பா ராத்திரி ஒரு மணிக்குப் பழையவருக்கே போன் போடுகிறார். தடுக்கலாமா?
– ஒரு வாசகர், சூரமங்கலம்

பதில்: பேசட்டும், பாவம். ஆனால் மருந்தைக் கூட்டு, குறை என்று பழையவர் சொல்லக்கூடாது. இன்றைக்கு அப்பா என்ன சாப்பிட்டார், எத்தனை மாத்திரை போட்டார் என்று அவருக்குத் தெரியாது. இப்போதைய அமைப்பின் ராத்திரி நம்பரை அப்பா போனில் மேலே வையுங்கள். பழையவர் ஒரு லீவு நாளில் சும்மா வந்து உட்கார்ந்துவிட்டுப் போகலாம். தட்டுவடை செட் வாங்கி வந்தாலும் ஆட்சேபணை இல்லை, அப்பாவுக்கு விழுங்க முடிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.