தனிச் சட்டி யாருக்காக?

கேள்வி: நான் திருகோணமலை உப்புவெளியைச் சேர்ந்தவன். வயது 34. சைவக் குடும்பம். இரண்டு வருடங்களுக்கு முன் ஞானஸ்நானம் பெற்றேன். அப்பா காலமாகிவிட்டார். 66 வயதில் அம்மாவும், மணமாகாத அக்காவும் என்னுடன் இருக்கிறார்கள். "எல்லாச் சமயமும் ஒன்றுதான்" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருக்கிறார். மற்றச் சமயங்களில் மனிதன் கடவுளைத் தேடுகிறான், கிறிஸ்தவத்தில் கடவுளே மனிதனைத் தேடி வந்தார், இரட்சிப்பு கிருபையால் மட்டுமே என்று எத்தனை முறை விளக்கினாலும் ஏறவில்லை. அக்கா இப்போது என்னோடு கதைப்பதே இல்லை. மற்றபடி வீட்டில் குறையில்லை. படைத்த உணவை நான் உண்பதில்லை என்பதால் வெள்ளிக்கிழமைகளிலும் விரத நாட்களிலும் அம்மா விடிய நாலு மணிக்கே எழும்பி எனக்கு வேறு சட்டியில் சமைத்து வைத்துவிடுகிறார். கிறிஸ்தவத்தின் தனித்தன்மை என்ன என்று அவர்களுக்கு விளங்கும்படி எழுதுவீர்களா?

பதில்: தம்பி, யாருக்குக் குறையில்லை?

வெள்ளிக்கிழமைச் சமையல் எப்படி நடக்கும் என்று எனக்குத் தெரியும். குசினி கழுவ வேண்டும், தலைக்குக் குளிக்க வேண்டும், மச்சம் புழங்காத சட்டி எடுக்க வேண்டும். அது சாமிக்கு. அதற்கு முன்பே உமக்கொரு சோறு, உமக்கொரு பருப்பு, மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து மேசையில் மூடி வைப்பது. ஆடி அமாவாசை என்றால் கேட்கவே வேண்டாம். உமது அப்பாவுக்குப் படைக்கக் காத்தோட்டிக்காய் முதற்கொண்டு அத்தனை மரக்கறியையும் வெட்டத் தொடங்குவதற்கு முன், அந்த மனுஷி உமக்கென்று ஒரு சமையலை முடித்திருப்பார். அவருக்கும் அன்று விரதம். வெறும் வயிறு. நீர் எழும்பி வரும்போது எல்லாம் தயார். உமது விசுவாசத்துக்கு யார் அடுப்பு மூட்டுகிறார்கள் என்பது இரண்டு வருடமாக உமது கண்ணில் படவில்லை. கடிதத்தில்கூட அது ஒரு வசதியாகத்தான் வந்திருக்கிறது.

கேட்டதற்குப் பதில் சொல்லாமல் ஏசுவது முறையல்ல. சொல்கிறேன்.

நீர் வீட்டில் வைக்கும் இரண்டு வாதமும் அம்மாவிடம் எடுபடாது. அது அவருடைய பிடிவாதம் அல்ல. கிருபை என்கிறீர். சாமியறையில் சொல்லப்படும் சிவபுராணத்திலேயே "அவன் அருளாலே அவன்தாள் வணங்கி" என்று வருகிறது. கும்பிடுவதற்கே அவன் அருள் வேண்டும் என்று பாடி வளர்ந்தவரிடம், அருள் எங்களிடம் மட்டும்தான் இருக்கிறது என்றால் எப்படி ஏறும்? வைணவர்கள் இன்னும் ஒரு படி போய், குட்டி தாயைப் பற்றிக்கொள்ளும் குரங்கு வழியா, தாயே குட்டியைக் கவ்விச் செல்லும் பூனை வழியா இறையருள் என்று வடகலை, தென்கலையாக நின்று வாதாடினார்கள். கடவுள் தேடி வந்தார் என்கிறீர். வந்திக் கிழவியின் பிட்டுக்கு மண் சுமந்து, பாண்டியனிடம் பிரம்படி பட்ட சிவனை உமது அம்மா சிறுவயது முதல் அறிவார்.

தனித்தன்மை வேறு இடத்தில் இருக்கிறது. சிவனைப் "பிறவா யாக்கைப் பெரியோன்" என்கிறது சிலப்பதிகாரம். வருவான், மண் சுமப்பான், அடியும் வாங்குவான். ஆனால் கருவில் தங்கிப் பிறக்க மாட்டான், இறக்கவும் மாட்டான். அது திருவிளையாடல். கிறிஸ்தவம் சொல்வது விளையாடல் அல்ல. கடவுள் ஒரு பெண்ணின் வயிற்றில் பிறந்தார், பசித்தார், அழுதார், அடிமைகளுக்கும் கலகக்காரருக்கும் ரோமர் வைத்திருந்த சிலுவையில் செத்தே போனார், மூன்றாம் நாள் எழுந்தார். இதெல்லாம் ஒரே ஒரு முறை. சைவருக்கு இது இடறத்தான் செய்யும். யூதருக்கு இடறல், கிரேக்கருக்குப் பைத்தியம் என்று அப்போஸ்தலர் பவுலே எழுதிவைத்திருக்கிறார். கிண்ணியாவிலும் மூதூரிலும் இருக்கும் முஸ்லிம்கள் இயேசுவை ஈசா நபி என்று போற்றுகிறார்கள், அவருடைய தாய் மர்யத்தின் பெயரில் குர்ஆனில் ஓர் அத்தியாயமே இருக்கிறது. ஆனால் அவர் சிலுவையில் கொல்லப்பட்டார் என்பதைக் குர்ஆன் மறுக்கிறது. பௌத்தத்தின் சங்கதி வேறு. புத்தர் பிறந்த ஆண்டைப் பற்றி ஆய்வாளர்கள் எத்தனை சண்டை பிடித்தாலும் அவர் காட்டிய வழி ஆடாது. கிறிஸ்தவத்துக்கு அந்தச் சௌகரியம் இல்லை. பழைய சபைகளில் சொல்லும் விசுவாசப் பிரமாணத்துக்குள் ஒரு ரோம அதிகாரியின் பெயரே இருக்கிறது: பொந்தியு பிலாத்து, கி.பி. 26 முதல் 36 வரை யூதேயாவின் ஆளுநர். காலமும் ஊரும் உள்ள ஒரு சம்பவத்தில் தன்னை முழுவதுமாகக் கட்டிவைத்த சமயம் அது. கிறிஸ்து எழுந்திராவிட்டால் எங்கள் பிரசங்கமும் வீண், உங்கள் விசுவாசமும் வீண் என்று பவுல் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

ஆகவே எல்லாச் சமயமும் ஒன்றல்ல. அதில் நீர் சொல்வதே சரி. ஆனால் உமது அம்மா அதைத் தத்துவமாகச் சொல்கிறார் என்றா நினைத்தீர்? மகன் கையை விட்டுப் போய்விடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறார். அதற்கு நீர் வேதாகமத்தை விரித்து மறுப்புரை செய்துகொண்டிருக்கிறீர்.

ஊரையும் கொஞ்சம் நினைத்துப் பாரும். 1620களில் போர்த்துக்கீசர் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கல்லைக் கொண்டே கோட்டை கட்டிய ஊர் இது. இன்றும் கோணேசரைக் கும்பிடச் சுவாமி மலைக்கு ஏறுகிறவர்கள் கோட்டை வாசலால்தான் போகிறார்கள். எங்களுடையது மட்டும்தான் உண்மை என்ற பேச்சு திருகோணமலையில் வெறும் பேச்சாகக் காதில் விழாது. நடந்ததற்கு நீர் பொறுப்பல்ல. குரலைத் தாழ்த்துவது உமது பொறுப்பு.

இனி அந்தச் சட்டி. கொரிந்து பட்டணத்தில் கோயில்களில் படைத்த இறைச்சி கடைக்கு வந்தது. அதை உண்ணலாமா என்று உம்மைப் போலவே அங்குள்ள விசுவாசிகளும் கேட்டார்கள். முதலாம் கொரிந்தியரில் 8ஆம், 10ஆம் அதிகாரங்கள் அதைப் பற்றித்தான். உணவு நம்மைக் கடவுளிடம் சேர்க்காது என்கிறார் பவுல். அவிசுவாசி ஒருவர் விருந்துக்கு அழைத்தால், வைத்ததைக் கேள்வி கேட்காமல் உண் என்கிறார். இது படைத்தது என்று யாராவது சொன்னால் உண்ணாதே என்றும் அங்கேயே இருக்கிறது. ஆகவே நான் உம்மை உண்ணச் சொல்லவில்லை, அது உமது மனச்சாட்சி. ஆனால் உண்ணாதிருப்பதன் பாரத்தைப் பெற்றவளின் தலையில் கட்டு என்று பவுல் எங்கும் எழுதவில்லை. தாய் தகப்பனுக்குச் சேர வேண்டியதைக் 'கொர்பான்', கடவுளுக்குக் காணிக்கை என்று சொல்லிக் கைகழுவியவர்களை இயேசு எப்படிக் கடிந்துகொண்டார் என்பது மாற்கு 7ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அதையும் வாசியும்.

சைவப் பிள்ளைகளுக்கும் நான் சலுகை கொடுப்பதில்லை. கந்தசஷ்டிக்கு ஆறு நாள் விரதம் என்று விபூதி பூசிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இளநீரும் பாலும் பழமும் நேரத்துக்கு நேரம் மனைவி கொண்டுவந்து வைக்க வேண்டும். விரதம் யாருடையதோ, வேலையும் அவருடையதாக இருக்கட்டும். பெற்றவள் உயிரோடு இருக்கும் வீட்டில் பிள்ளையின் பக்தி அவள் முதுகில் ஏறக் கூடாது. இதில் எனக்கு இரண்டாம் கருத்து கிடையாது.

அடுத்த வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு நீர் எழும்பும். உமது சோற்றை நீரே வடியும். உமது சட்டியை நீரே கழுவிக் கவிழ்த்துவிட்டு, தேங்காயையும் துருவி வையும். தேங்காய் துருவுவது சிலை வணக்கம் ஆகாது. பெரிய வியாழன் அன்று குருமார் பன்னிரண்டு பேரின் கால்களைக் கழுவுவது, அந்தக் காலத்தில் அடிமை செய்த வேலையை உமது ஆண்டவர் தானே குனிந்து செய்ததால்தான். வந்திக் கிழவிக்கு ஆள் இல்லை என்று சிவன் கூலியாளாக வந்தார். உமது அம்மாவுக்கு ஆள் இருக்கிறான், தூங்குகிறான்.

ஆடி அமாவாசையன்று அவரைக் கோட்டை வாசல் வரை மோட்டார் சைக்கிளில் கூட்டிப் போய், ஏற்றத்தில் கைபிடித்து ஏற்றிவிடும். தீர்த்தமாட நீர் இறங்க வேண்டாம், உடுப்புப் பையை வைத்துக்கொண்டு நின்றால் போதும். போதகர் ஏதாவது கேட்டால், அப்பாவின் நாளில் அம்மாவைத் தனியே அனுப்ப முடியாது என்று சொல்லும். அதற்கும் அவர் மறுப்புச் சொன்னால் அவரை எனக்கு எழுதச் சொல்லும்.

கிறிஸ்தவத்தின் தனித்தன்மை பற்றி இரண்டு மாதத்துக்கு வீட்டில் வாய் திறக்க வேண்டாம். அக்கா கதைக்காமல் இருப்பது உமது சமயத்தாலா, அம்மாவின் தூக்கத்தாலா என்று அதற்குள் உமக்கே தெரிந்துவிடும்.