கிணற்றில் தண்ணீர் இருக்கும்போது வறட்சி பயிரை என்ன செய்துவிடும்?

"எங்களிடம் 600 அடி போர் இருக்கிறது, பருவமழை பொய்த்தாலும் நிலத்தடி நீர் பயிரைக் காப்பாற்றிவிடாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நாலைந்து ஏக்கர் வைத்திருப்பவர், ஓராண்டுப் பயிர் வைக்கலாமா என்று யோசிப்பவர் என்றே உங்களை எடுத்துக்கொள்கிறேன். முதல் ஆண்டு காப்பாற்றும். அந்த முதல் ஆண்டில்தான் நான் ஏமாந்தேன்.

எனக்கு வேலூர் மாவட்டத்தில், அணைக்கட்டுக்கும் ஒடுகத்தூருக்கும் நடுவில் நான்கு ஏக்கர் நிலம் உண்டு. 2015 ஐப்பசி, கார்த்திகையில் பெய்த பெருமழையில் எங்கள் பக்கத்துக் கிணறுகள் எல்லாம் தளும்பின. அந்தத் துணிச்சலில் 2016 மாசியில் இரண்டு ஏக்கருக்குக் கரும்பு வைத்தேன். அந்த ஆண்டின் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாடு முழுவதும் பொய்த்தது. 2017 ஜனவரியில் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தபோது, என் கரும்பு மட்டும் பச்சையாக நின்றது. மழையை மட்டும் நம்பி மானாவாரியாக மல்லாக்கொட்டை (நிலக்கடலை) போட்ட பங்காளிகள் கொடியோடு பிடுங்கி மாட்டுக்குப் போட்டுக்கொண்டிருந்த நாட்களில், நான் வரப்பில் நின்று என் போரைப் பற்றிப் பெருமை பேசினேன். கரும்பு ஏக்கருக்கு 35 டன் தேறியது. வெட்டிய கட்டையை அழிக்காமல், அதிலிருந்தே மறுபடி துளிர்த்து வளரும் மறுதாம்பும் விட்டேன்.

நான் புரிந்துகொள்ளாத விஷயம் ஒன்று உண்டு. மேல்மண்ணில் ஈரம் தீர்வது கண்ணுக்குத் தெரியும். பாறைக்குள் நீர் தீர்வது தெரியாது. மழை நின்ற சில வாரங்களில் மானாவாரிப் பயிர் வாடிவிடுகிறது, ஆனால் கிணற்றுக்கு அந்தச் செய்தி ஒரு பருவமோ ஓர் ஆண்டோ கழித்துத்தான் வந்து சேர்கிறது. நான் 2016இல் பாய்ச்சியது 2015இன் மழையை. 2017 சித்திரையில் மோட்டார் இருபது நிமிடம் ஓடியதும் நீரோடு காற்றும் நுரையுமாகக் கக்கியது. வைகாசியில் பத்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. கரும்பு கணு விட்டு வளர வேண்டிய கோடை அது. தோகை நுனியிலிருந்து காய்ந்தது, கணுக்கள் குட்டையாகிச் சுருங்கின, தப்பிய கரும்பும் எடையில்லாமல் நின்றது.

நான் நிலவியல் படித்தவன் அல்லன். தவறிருந்தால் படித்தவர்கள் திருத்தலாம். எங்கள் பக்கம் ஆற்றுப்படுகையை ஒட்டிய மணல் நிலங்கள் தவிர மற்றதெல்லாம் கடினப்பாறைப் பூமி. மேலே சிதைந்த பாறை சில பத்து அடி, அதன் கீழே வெடிப்புகள் மட்டுமே உள்ள உறுதியான பாறை. தண்ணீர் பெரும்பாலும் அந்தச் சிதைந்த அடுக்கில்தான் தங்குகிறது. 600 அடிக்குப் போர் இறக்கினால் 600 அடித் தண்ணீர் கிடைத்துவிட்டது என்று நினைக்கிறோம். உண்மையில் மேலடுக்கின் நீரை வெடிப்புகள் வழியாகக் கீழே உறிஞ்சி எடுக்க ஒரு நீண்ட குழாய் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

கணக்கையும் சொல்கிறேன், ஆண்டுக்கு ஆண்டு, நிலத்துக்கு நிலம் மாறும் என்பதால் தோராயமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். வேலூர்ப் பக்கம் ஆண்டு மழை 900 முதல் 1,000 மி.மீ. இத்தகைய பாறை நிலத்தில் அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 100 மி.மீ. அளவு, உள்ளே இறங்கினாலே அதிகம். கரும்புக்கு ஓராண்டில் 2,000 மி.மீ. வரை நீர் தேவை. நேரடி மழையில் 600 மி.மீ. அதற்குப் பயன்பட்டாலும் மீதி 1,400ஐக் கிணறு கொடுக்க வேண்டும். ஆக ஒரு ஏக்கர் கரும்பு 14 ஏக்கர் நிலத்தில் இறங்கும் மழையைக் குடிக்கிறது. என் இரண்டு ஏக்கர் 28 ஏக்கரின் நீரைக் குடித்தது. எனக்குச் சொந்தமானது நான்கு. பாய்ச்சிய நீரில் ஒரு பங்கு திரும்பக் கசியும் என்று வாதிடுபவர்களுக்காகப் பாதியைக் கழித்துவிட்டாலும் கணக்கு என் வேலிக்குள் அடங்கவில்லை. இதில் வறட்சி வந்தால் வரவும் செலவும் ஒரே நேரத்தில் கெடுகின்றன: மழை பாதியானால் இறங்கும் நீர் பாதிக்கும் கீழே போகிறது, வெயிலும் காற்றும் கூடிப் பயிரின் தேவை ஏறுகிறது, அந்தத் தேவை முழுவதும் கிணற்றின் தலையில் விழுகிறது.

வேலிக்கு வெளியே இருந்த 24 ஏக்கரில் என் சித்தப்பாவின் நிலமும் ஒன்று. அவருடையது தாத்தா காலத்தில் மாடு பூட்டிக் கவலையில் நீர் இறைத்த 45 அடித் திறந்த கிணறு. அது 2017 பங்குனியில், என் போருக்கு முன்பே, தரை தட்டியது. "உன் கரும்பு என் கெணத்தக் குடிச்சிட்டுதுப்பா" என்று அவர் ஒரே ஒருமுறை சொன்னார், கோபமில்லாமல். நான் மழை இல்லை என்று பதில் சொன்னேன். அவர் அதற்குமேல் பேசவில்லை.

அந்த ஆனியில் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்ப்பவரை அழைத்து, அவர் காட்டிய இடத்தில் போர் போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டியை நிறுத்தி, வீட்டு நகையை அடகு வைத்த பணத்தில் 850 அடி இறக்கினேன். கடைசி வரை வெள்ளைப் புழுதிதான் பறந்தது. ஆவணியில் நல்ல மழை பெய்து வரப்பெல்லாம் புல் முளைத்தது. ஊரில் எல்லோரும் வறட்சி முடிந்துவிட்டது என்றார்கள். என் போரில் மட்டம் ஏறவே இல்லை. வெறுமையாகிக் கிடந்த அடுக்கு முதலில் தன் வறட்சியைத் தீர்த்துக்கொண்ட பிறகுதான் கிணற்றுக்குத் தருமாம். மறுதாம்பில் ஏக்கருக்கு 11 டன் வெட்டினேன், வெட்டுக்கூலிக்கே சரியாகிவிட்டது.

'இலவச மின்சாரம் கொடுத்தால் இப்படித்தான் இறைப்பீர்கள்' என்று எழுதக் காத்திருப்பவர்களுக்கு: 1990 முதல் விவசாயத்துக்கு இலவச மின்சாரம் இருப்பது உண்மை, அது கையை அவிழ்த்துவிட்டதும் உண்மை, மறுக்கவில்லை. ஆனால் எங்கள் ஏரிக்கு வரும் வரத்துக்கால்வாயை மூடி மனை போட்டு விற்றது எந்த மோட்டாரும் இல்லை. ஏரி நிறைந்தால் அதன் கீழுள்ள கிணறுகளில் மாதக்கணக்கில் ஊற்று நிற்கும். ஏரிக்கே நீர் வராதபோது இறைப்பவனை மட்டும் குற்றம் சொல்வது எனக்கு ஒப்பவில்லை. என் குற்றத்தை மேலே நானே எழுதிவிட்டேன், ஆகையால் இதைச் சொல்லும் உரிமை எனக்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

நிலத்தடி நீர் வறட்சியில் பயனற்றது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மல்லாக்கொட்டைக்கு மொத்தமே 500 மி.மீ. அளவுதான் தேவை, அதில் பெரும்பகுதியை மழையே கொடுத்துவிடும். பூத்து, பூவிலிருந்து மண்ணுக்குள் போய்க் காயாகும் விழுது இறங்கும் பருவத்தில் மழை இரண்டு வாரம் தவறினால் மண் இறுகி விழுது உள்ளே போகாது. அந்த நேரத்தில் கிணற்றிலிருந்து இரண்டு தண்ணீர் கட்டினால் முழு விளைச்சலும் நிற்கும். அந்த இரண்டு தண்ணீருக்கு 850 அடி வேண்டியதில்லை, சித்தப்பாவின் 45 அடிக் கிணறே போதும், அதில் நீர் விட்டுவைத்திருந்தால். மட்டம் மிகவும் இறங்கிய ஆண்டுகளில் கிடைத்த கொஞ்ச நீரும் உப்பேறி வந்து பாத்தியில் வெள்ளையாகப் பூத்ததையும் பார்த்துவிட்டேன்.

ஆகவே போர் எத்தனை அடி என்பதை விட்டு, தையிலும் வைகாசியிலும் நீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று அளந்து எழுதி வையுங்கள். நான் பக்கத்துத் திறந்த கிணற்றில், சித்தப்பாவின் அனுமதியோடு, அடிக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிற்றில் கல் கட்டி அளக்கிறேன். தையில் 30 அடிக்குக் கீழே போயிருந்தால் கோடைப் பயிர் கிடையாது. 2021 கார்த்திகையில் பாலாறு கரைபுரண்டு அந்தக் கிணறு படிக்கட்டுவரை நிறைந்ததுமே, பட்டதை மறந்து ஊரில் சிலர் நடுவதற்குக் கரும்புக் கரணை வாங்கி வரக் கிளம்பினார்கள். இந்தத் தையில் கயிறு 22 அடியில் நனைந்தது. சொட்டு நீரில் அரை ஏக்கர் இலவம்பாடி முள்ளுக் கத்தரி வைத்திருக்கிறேன், மீதி நிலம் ஆடி மழைக்காக உழுது கிடக்கிறது.