எடை மெஷினில் 26.00 கிலோ, பிஎல்சியில் மட்டும் ஏன் 6.00?

தேவகோட்டைப் பக்கம் ஒரு அரிசி ஆலையில் மூட்டை பிடிக்கும் மெஷினைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். எடையைக் காட்டும் பெட்டியான இண்டிகேட்டரில் 26.00 என்று அசையாமல் நிற்கிறது. எழுத்தெழுத்தாக அனுப்பும் சீரியல் கேபிள் வழியாக, மெஷினை இயக்கும் சிறு கணினியான பிஎல்சிக்கு வரும்போது பெரும்பாலும் சரியாக இருந்தாலும், திடீரென்று 6.00 அல்லது 2.60 என்று காட்டுகிறது. ஒயரிங் கோளாறா, புரோகிராம் கோளாறா என்பதுதான் கேள்வி.

புரோகிராம்தான். இருபக்கமும் பாட் ரேட்டோ (அனுப்பும் வேகம்) பாரிட்டியோ (பிழை பார்க்கும் பிட்) பொருந்தாமல் இருந்தால் பொருளற்ற எழுத்துகள்தான் வந்திருக்கும். உங்களுக்கு வருபவை 26.00-இன் துண்டுகள். முதல் இலக்கம் விடுபட்டால் 6.00. கடைசி இலக்கம் வருமுன் படித்தால் 260, அதை நூறால் வகுத்தால் 2.60.

நான் காரைக்குடி, புதுவயல் வட்டாரத்து ஆலைகளில் பேனல் வேலை பார்க்கிறேன். இந்தக் கோளாறை அடிக்கடி பார்க்கிறேன். 9600 பாட் வேகத்தில் ஓர் எழுத்து வந்துசேர ஏறக்குறைய 1 மில்லி செகண்ட் ஆகும். 18 எழுத்துள்ள வரிக்கு 19 மில்லி செகண்ட். பிஎல்சி தன் புரோகிராமை ஒரு முறை ஓட்டி முடிக்கும் நேரமான ஸ்கேன் 4 மில்லி செகண்ட் என்றால், ஒரு வரி முடிவதற்குள் புரோகிராம் நாலு தடவைக்கு மேல் ஓடிவிடும். அப்போதெல்லாம் வந்த எழுத்துகள் சேரும் இடமான பஃபரைப் படித்தால் பாதி வரிதான் கிடைக்கும்.

அதனால் வரி முடிந்தது என்று தெரிந்த பிறகே தொடுங்கள். மிட்சுபிஷி எஃப்எக்ஸ் பிஎல்சியில் சீரியலுக்கான ஆர்எஸ் கட்டளை போட்டிருந்தால், வரி வந்து முடிந்ததைக் காட்டும் எம்8123 பிட் ஆன் ஆனதும் டேட்டாவை வேறு இடத்துக்கு நகலெடுத்துவிட்டு அந்த பிட்டை நீங்களே ரீசெட் செய்ய வேண்டும். சீமென்ஸ் எஸ்7-1200 என்றால், சீரியலில் வருவதை வாங்கும் ஆர்சிவி பிடிபி பிளாக்கின் என்டிஆர் (புது டேட்டா வந்துவிட்டது என்ற குறி) ஒரே ஒரு ஸ்கேனுக்கு வரும், அதைப் பிடியுங்கள். அப்புறம் வரியின் நீளம் சரியா, தொடக்க எழுத்து இருக்கிறதா, எடை வரும் இடத்தில் இலக்கம், புள்ளி, இடைவெளி, கழித்தல் குறி தவிர வேறு ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று தப்பினாலும் அந்த வரியையே தள்ளிவிடுங்கள், அடுத்தது உடனே வந்துவிடும். இலக்கத்தின் ஆஸ்கி மதிப்பில் (எழுத்துக்கான குறியீட்டு எண்) 48-ஐக் கழித்தால் எண் கிடைத்துவிடும்.

பலரும் விட்டுவிடுகிற ஒன்று உண்டு. கேபிள் கழன்றாலும் பிஎல்சியின் நினைவிடமான ரெஜிஸ்டரில் பழைய எடை அப்படியே இருக்கும். மெஷின் அதை நம்பி ஓடிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு நல்ல வரிக்கும் ஒரு டைமரைப் புதிதாகத் தொடங்குங்கள். 1 செகண்டுக்கு நல்ல வரி எதுவும் வராவிட்டால் எடை செல்லாது என்று வைத்து, அரிசி விழும் கேட்டை மூடி, அலாரம் அடிக்க வேண்டும். இது இல்லாத பேனலை நான் ஒப்படைப்பதில்லை.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன். சீரியல் எடையை வைத்து கேட்டை மூடாதீர்கள். 26 கிலோ 10 செகண்டில் விழுகிறது என்றால் செகண்டுக்கு 2.6 கிலோ. இண்டிகேட்டர் செகண்டுக்குப் 10 தடவை அனுப்பினாலும், இரண்டு வரிகளுக்கு நடுவே 260 கிராம் விழுந்துவிடும். இண்டிகேட்டரிலேயே, குறித்த எடை வந்ததும் சிக்னல் தரும் செட் பாயிண்ட் ரிலே இருந்தால் அதை பிஎல்சி இன்புட்டுக்கு இழுத்து, அதை வைத்து மூடுங்கள். சீரியலில் வருவது மூட்டையின் இறுதி எடையைப் பதிய மட்டும். பதியும்போது வரியின் தொடக்கத்தில் எடை நிலைத்துவிட்டதைக் காட்டும் எஸ்டி குறி இருந்தால், அது வரும்வரை பொறுங்கள். எல்லா இண்டிகேட்டரும் அதை அனுப்பாது, மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சீரியல் கேபிள் ஆர்எஸ்-232 வகை என்றால் 15 மீட்டரைத் தாண்ட வேண்டாம், விஎஃப்டி (மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி) மோட்டார் கேபிளோடு ஒரே டிரேயில் போகவும் வேண்டாம். தூரம் அதிகம் என்றால், நீளமாக இழுக்கக்கூடிய ஆர்எஸ்-485 வகை.

இதே புரோகிராமை லாரி எடை மேடைக்குக் கொண்டுபோனால் எடையை 32 பிட்டில் வையுங்கள். 16 பிட்டில் 32767-க்கு மேல் போகாது. 40000 கிலோ லாரி ஏறினால் மைனஸ் 25536 என்று காட்டும்.